மைக்கில் விட்ட பகிடி

கல்லடி,
வைகாசி மாதம்.

அன்புள்ள மகள் பிரஷாந்திக்கு,

நீயும் மருமகனும் சின்னவனும் உன்னோடிருக்கும் உன் மாமி அன்னப்பூரணியும் அந்தச் சுவிஸ் குளிருக்குள் சுகமாக இருக்க மாமாங்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் உடம்பால் சுகம், மற்றதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப் இருக்கும்போது அப்பாவுக்கு என்ன கடிதம் என்று நீ யோசிப்பாய். போனை எடுத்தால் என் வாய் பகிடிக்கு ஓடிவிடுகிறது, நீ சிரிக்கிறாய், நானும் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுகிறேன். பேனா கொஞ்சம் மெதுவான சாமான், பகிடி வந்து சேருவதற்குள் வெட்கம் வந்துவிடுகிறது. அம்மாவின் முழங்கால் பழையபடிதான், எண்ணெய் பூசச் சொன்னால் எனக்குப் பூசத் தெரியாது என்று என்னையே ஏசுகிறாள். வாவியில் இறால் படுகிறதாம், விலையைக் கேட்டுவிட்டு நாங்கள் கத்தரிக்காய் வாங்குகிறோம். கலியாண மாதமென்பதால் சவுண்ட் செட்டுக்கு ஓய்வில்லை. ஊருக்குச் சத்தம் வாடகைக்கு விடுவது உன் அப்பாவின் தொழில், வாயை இலவசமாகச் சேர்த்துக் கொடுப்பேன் என்பது உனக்குத் தெரியும், இந்த முறை அந்த இலவசம்தான் வீட்டை எரித்தது.

முதலில் ஒரு பொய்யை உடைக்கிறேன். தங்கச்சி ஆர்த்திகா பாலத்துக்கு அந்தப் பக்கம் டவுனில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாறிவிட்டாள் என்று உனக்குச் சொன்னேன், உன் மாமிக்கும் சொன்னேன், இங்கே சந்தைக்கு மீன் வாங்க வந்தவர்களுக்கும் சொன்னேன். அவள் பஸ் ஏறிப் போகும் திசை உண்மை, இறங்கும் இடம்தான் பொய். பத்தாம் வகுப்பில் அவளுக்குக் காலையில் வயிற்றுவலி வந்தது நினைவிருக்கும். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தோம், கோயிலில் நூல் கட்டினோம், சனி ஞாயிறு மட்டும் வலி வராத வயிற்றை எந்த டாக்டரும் கண்டதில்லை. கரும்பலகைக்குக் கூப்பிட்டுக் கணக்குச் செய்யச் சொல்வார்களோ என்ற பயம் என்று பிறகுதான் விளங்கியது. கடைசியில் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு போகவே மாட்டேன் என்று நின்றுவிட்டாள். அப்போது யாரோ சொல்லி அம்மாதான் அவளை, பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நஸீறா டீச்சரின் நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். காத்தான்குடியிலிருந்து வந்து டவுனில் ஒரு வாடகை வீட்டில் நடத்துகிறா. அங்கே மணி அடிப்பதில்லை, யூனிபோம் இல்லை. விடிய வாவியில் வலை இழுத்துவிட்டு வரும் பிள்ளை தூங்கி எழும்பி வரும், தம்பி தங்கையைப் பார்க்கும் பிள்ளை பின்னேரம் வரும். பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனையை ஒரேயடியாக எழுதத் தேவையில்லை, ஏலுமான பாடத்தை இந்த வருடம், மற்றதை அடுத்த வருடம் என்று பள்ளிக்கூடத்துக்கு வெளியிலிருந்தே எழுதலாம். ஆர்த்திகா முதலில் வாரத்துக்கு இரண்டு பின்னேரம் மட்டும் போனாள், பிறகு தானாகவே காலையிலும் போகத் தொடங்கினாள், வயிற்றுவலி எந்தப் பஸ்ஸில் ஏறிப் போனதோ தெரியாது. சந்தோசப்பட்டிருக்க வேண்டியவன் நான், ஆனால் என் பிள்ளை “விட்டுப்போன பிள்ளைகள்” போகும் இடத்துக்குப் போகிறாள் என்று சொல்ல என் நாக்கு வளையவில்லை. ஊரில் யார் பிள்ளை என்ன பாஸ் என்று விசாரிக்கிற முதல் ஆள் நான்தானே, என்னை யாராவது விசாரித்தால் என்ன செய்வேன் என்ற பயம்.

சித்திரை வருடப்பிறப்புக்கு ஊர் விளையாட்டுக் கழகக்காரர் கடற்கரையில் வைத்த விளையாட்டுப் போட்டிக்கு வழக்கம்போல நான்தான் சவுண்டும் அறிவிப்பும். ஆர்த்திகா கூட்டாளி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பெண் பிள்ளைகளின் கயிறிழுத்தல் தொடங்கும் நேரம் கழகச் செயலாளர் மேசைக்குக் குனிந்து, “அண்ணன், சின்ன மகளக் காணல்ல, படிப்புக் கூடவோ?” என்று கேட்டார். “ஓம் ஓம், டவுன்ல எக்ஸ்ட்ரா கிளாஸ்” என்றேன். அந்த நேரம் பார்த்து அடுத்த அணி என்று நஸீறா டீச்சரின் நிலையத்துப் பெயர் எழுதின துண்டு கையில் வருகிறது. எனக்கும் அந்த இடத்துக்கும் ஒரு தொடர்புமில்லை என்று ஊருக்குக் காட்ட வேண்டும் போல ஒரு குறுகுறுப்பு. மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு சொன்னேன், “அடுத்ததாக நேரம் கிடைத்தால் மட்டும் பள்ளிக்கூடம் போகும் வீராங்கனைகள், கயிற்றையாவது நேரத்துக்கு இழுப்பார்களா பார்ப்போம். தோற்றாலும் கவலையில்லை, அது அவர்களுக்குப் பழகின பாடம்.” கடற்கரை முழுக்கச் சிரிப்பு. எனக்கும் என் பகிடிக்கு நானே சிரிக்கும் கெட்ட பழக்கம், சிரித்துக்கொண்டே தலையைத் தூக்கினால் கயிற்றின் கடைசி ஆளாக, இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நிற்கிறாள் என் மகள்.

விசில் ஊதினார்கள். அவள் கயிற்றை இடுப்பிலிருந்து கழற்றி மணலில் வைத்தாள், முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்துவிட்டு அவளும் வைத்தாள், பிறகு எல்லோரும். எதிரணிப் பிள்ளைகள் இழுத்த வேகத்தில் மல்லாந்து விழுந்தார்கள், சனம் அதையும் பகிடியென்று நினைத்து இன்னும் சிரித்தது. இவர்கள் ஒன்றும் பேசாமல் றோட்டுப் பக்கம் நடந்து போனார்கள். என் வாய் மட்டும் நிற்கவில்லை மகள், வெற்றி பெற்ற அணிக்கு வாழ்த்துகள் என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

அன்றிலிருந்து ஆர்த்திகா நிலையத்துக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்றும் சொல்லவில்லை, கேட்டால் அம்மாவிடம், “எந்த முகத்தோட போற, அவர் என்ட அப்பா எண்டு அவளுகளுக்கு இப்பத் தெரியும்” என்றாளாம். பார்த்தாயா, அவள் அங்கே போகிறாள் என்று நான் வெட்கப்பட்டேன், இப்போது நான் அவளுக்கு அப்பன் என்று அவள் அங்கே போக வெட்கப்படுகிறாள். சோதனைக்கு விண்ணப்பம் முடிய நாள் கிட்டிக்கொண்டு வந்தது, போகாவிட்டால் இந்த வருடமும் போய்விடும், பிறகு அவள் எங்கேயும் போக மாட்டாள் என்று அம்மா அழுதாள்.

நான் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் புறப்பட்டேன். அந்த ஓட்டோ சத்தம் போட்டுக்கொண்டு போனால் இங்கே செத்த வீட்டு அறிவித்தல்தானே, சனமெல்லாம் கேட்டடிக்கு வந்துவிட்டது. பழக்க தோசத்தில் வாயும் “கல்லடியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட உதயரூபன்” என்று தொடங்கிவிட்டது. ஒரு மனுசி, “ஐயோ, மனுசன் எப்பகா மோசம் போன?” என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்க, “பேய்க்கதை கதையாத, ஓட்டிட்டு வாறதே அவர்தான்” என்று அவள் சொல்ல, நான் அதற்கு நடுவில், என் மகள் ஆர்த்திகா அந்த நிலையத்தில்தான் படிக்கிறாள், வருடப்பிறப்பன்று நான் சொன்னது பிழை என்று எங்கள் தெரு வரைக்கும் சொல்லி முடித்தேன். பெரிய வேலை செய்த நினைப்பில் வீட்டுக்குள் வந்தால், உன் தங்கச்சி குசினி வாசலில் நின்று, “அண்டைக்கு நான் ஆரெண்டு சொல்லாம மானத்த வாங்கினீங்க, இண்டைக்கு ஆரெண்டு சொல்லி வாங்கிட்டு வாறீங்க. ரெண்டு தரமும் என்னை ஒரு சொல்லுக் கேட்டீங்களா?” என்றாள். ஊரெல்லாம் கேட்ட அந்தப் பெரிய மன்னிப்பில் அவளிடம் கேட்ட மன்னிப்பு ஒன்றும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா கறிச்சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த நாள் நிலையத்துக்குப் போனேன். வழியெல்லாம் இரண்டு பகிடி ஒத்திகை பார்த்துக்கொண்டு போய் அங்கே இரண்டையும் சொன்னேன், பிள்ளைகள் திரும்பவும் புத்தகத்துக்குக் குனிந்தார்கள். அணியில் நின்ற ஒரு மெல்லிய பிள்ளை கோபமே இல்லாமல் சொன்னாள், “மாமா, அண்டைக்கு முதல்ல நாங்களும் சிரிச்சம். மறுகாதான் எங்களத்தான் எண்டு விளங்கின.” பிழை என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன், அதற்கு மைக் தேவைப்படவில்லை. நீங்கள் வந்து கூப்பிட்டால் ஆர்த்திகா வருவாள் என்று டீச்சரைக் கெஞ்சினேன். “இங்க ஒரு பிள்ளையையும் நாங்க இழுத்துக்கொண்டு வாறல்ல, அதுவா வரோணும். ஏலுமெண்டா நீங்க கொஞ்ச நாள் கதையாம இருங்க, அதான் உதவி” என்றா.

கதையாமல் இருந்தேன் மகள். அம்மா காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு பின்னேரம் ஆர்த்திகாவிடம் போய், அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை அவளிடமே கேட்டேன். விண்ணப்பத்தைப் பற்றி ஒன்று கேட்கலாமா என்று கேட்டேன். “கேளுங்க” என்றாள். கேட்டேன். “யோசிக்கிறன்” என்றாள், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா வாசல் கூட்டப் போனால் அவளுடைய செருப்பைக் காணவில்லை. யாரும் பின்னால் போகவில்லை. பின்னேரம் வந்து, தமிழ், சமயம், மனையியல் மூன்றும் இந்த வருடம், கணக்கு அடுத்த வருடம், கையெழுத்து வையுங்கள் என்று நீட்டினாள், வைத்தேன். என்னோடு இன்னும் தேவைக்குத்தான் பேச்சு. அது அவளுடைய நேரம்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், பேரனைக் குடும்பக் குறூப்பில் பகிடி பண்ணி வீடியோ போடாதே, அவன் சிறியவன்தான், ஆனாலும் அவனிடம் ஒரு சொல்லுக் கேள். வேலைக்குப் போகும்போது குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. உன் மாமிக்கு ஆர்த்திகாவைப் பற்றி நீயாக ஒன்றும் சொல்ல வேண்டாம், இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் அவளே சொல்வாளாம். நீ எடுத்துக் கொடுக்காதே, அவள் தொடங்கும்வரை பொறுத்திரு, தொடங்காவிட்டால் அடுத்த ஞாயிறு இருக்கிறது.

இந்தக் கடிதத்தை ஒட்டுமுன் அவளிடம் கொடுத்தேன். முழுக்க வாசித்தாள், இரண்டு இடத்தில் வெட்டினாள். ஒன்று அவளைப் பற்றி நான் எழுதிய பகிடி, மற்றது அவளைப் புகழ்ந்து எழுதியது. புகழ்ந்ததை ஏன் வெட்டினாய் என்று கேட்டதற்கு, “அது நான் பாஸ் பண்ணின பிறகு எழுதுங்க” என்றாள். மிச்சத்தை அனுப்பச் சொன்னாள்.

எல்லோரும் நோய் நொடியில்லாமல் நிறைவாக இருக்க என் ஆசீர்வாதம், அம்மாவின் முத்தம் சின்னவனுக்கு.

ஆர்த்திகாவின் அனுமதியோடு எழுதும்,
உன் அப்பா
உதயரூபன்