லாரிக்குப் பின்னால் வரும் காற்று

வெயிலுக்கு முன்னே எழுந்துபோகும் என் அம்மாவுக்கு,

லாரி உன்னை இடிக்கவில்லை. உனக்கு இது தெரியும். இந்தக் கொச்சி மட்டாஞ்சேரியில் நானும் அந்த டிரைவரும்தான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

முனிசிபாலிட்டிக்காக நீங்கள் பஜார் ரோட்டைப் பெருக்குவீர்கள். வண்டி தெரிந்ததும் யாராவது ஒருத்தி "வருது!" என்று கத்துவாள். உடனே எல்லோரும் அவரவர் குப்பைக் குவியலின் மேல் ஒரு காலை வைத்து நிற்பீர்கள். வண்டி போகும். அதன் பிறகுதான் காற்று வரும். இலைகளும் தேர்தல் நோட்டீசுகளும் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் வண்டியின் பின்னால் ஓடும்.

அன்று மிளகு லாரி. உன் கால் குவியலின் மேல்தான் இருந்தது. காற்று உன் முந்தானையைத் தூக்கிற்று. லாரியின் பின்புறக் கொக்கி அதை வாங்கிக்கொண்டது.

டிரைவர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஞான் தொட்டிட்டில்ல மோனே, சத்தியமாயிட்டும் தொட்டிட்டில்ல." கூட்டத்தில் ஒருவர், "எல்லா டிரைவரும் இதத்தான் சொல்லுவான்" என்றார். அந்த டிரைவர் பொய் சொல்லவில்லை, அம்மா.

அந்தக் காற்றின் பெயரைக் கல்லூரியில் கேட்டேன். இங்கிலீஷில் ஸ்லிப்ஸ்ட்ரீம் என்றார்கள். குழந்தைகள் கால் நனைக்கும் ஓடையைப்போல ஒரு சொல். தமிழ் அகராதியில் ஒன்றும் இல்லை. பின்காற்று என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். நீங்களும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. பெயரில்லாத ஒன்றைத் தினமும் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தீர்களா?

படகுத்துறைக்கு நடக்கும்போது ஏதாவது பஸ் என்னைத் தாண்டிப் போகும். சட்டையை யாரோ இழுப்பார்கள். திரும்புவேன். காகிதங்கள் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

ஒரு செய்தி. நீ போய்விட்டதால் உன் வேலையை எங்களில் ஒருவருக்குத் தருகிறார்கள். திங்கட்கிழமை யாரும் சேராவிட்டால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். தான் போவதாகச் செல்வி சொல்கிறாள்.

"நீ வேண்டாம்ணே. புஸ்தகம் வாயிக்கிற கையி. தொடப்பம் பிடிச்சா ரெண்டே நாள்ல கொப்புளம். அதுக்கும் ஒரு கவித எழுதுவே."

"பயமா இல்லையா உனக்கு?"

"எதுக்கு? அம்மாவோட ரோடுதானே. அம்மா அங்கதான் இருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சாயாவை ஆற்றிக் கொடுத்தாள்.

நேற்று அவளைக் கிடங்கு முக்கில் பார்த்தேன். நான் பார்ப்பது அவளுக்குத் தெரியாது. ஒரு லாரி போயிற்று. காற்று வந்தது. செல்வி கண்களை மூடிக்கொண்டாள். பிறகு அது போன பக்கமாக ஓர் அடி எடுத்து வைத்தாள். இன்னோர் அடி.

நான் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தவளுக்கு என்னைக் கொஞ்ச நேரம் அடையாளம் தெரியவில்லை.

அவளை நீயா கூப்பிட்டாய், அம்மா? கேட்கக்கூடாது. கேட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை நான் சேர்கிறேன், அம்மா. எம்.ஏ. காத்திருக்கும், அல்லது காத்திருக்காது. செல்விக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் பாத்திரத்தை எறிவாள், படித்த முட்டாள் என்பாள், ஒரு வாரம் பேசமாட்டாள். எல்லாவற்றையும் நம் வீட்டுக்குள் நின்று செய்யட்டும். அவள் கிழவியாகும்வரை என்னைத் திட்டட்டும். அவளை உன்னிடம் அனுப்ப மாட்டேன்.

உன் மகன்,
செல்வியின் அண்ணன்