காணாமற்போன கோரைக்கிழங்கு

இன்று காலை கார்டன் ரீச் ஆற்றுப் படித்துறையில் ஓடத்துக்குக் காத்திருந்தேன். நீர் வடிந்த சேற்றில் கோரை மண்டிக் கிடந்தது. சும்மா ஒன்றைப் பிடுங்கினேன். கையெல்லாம் அந்தச் சேற்று வாசம். உடனே உம்முடைய ஞாபகம் வந்துவிட்டது.

“பிடுங்காதேயும் காணும், தோண்டும்” என்பீர். பிடுங்கினால் தண்டுதான் கையோடு வரும். தாவரத் தோட்டத்துத் துரையின் கீழ் நாம் இருவரும் செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிப் பெயர் எழுதிய அந்த அறையில், நம்மைப் பிரித்ததும் இந்தக் கரைக்கோரைதான். ஒரே வருஷத்தில் மடியும் வயல்கோரை என்றீர் நீர். இல்லை, ஆண்டுதோறும் துளிர்க்கும் ஜாதி என்றேன் நான். இரண்டுக்கும் அதே மூன்று பட்டைத் தண்டு, அதே பழுப்புக் கதிர். மண்ணுக்குள் கிழங்கு ஓடுகிறதா என்பதில்தான் வித்தியாசம்.

ஒரு சனிக்கிழமை கிழங்கோடு தோண்டி வந்தேன். “திங்கட்கிழமை துரையிடம் காட்டுகிறேன், பாரும்” என்று உம்மிடம் சவாலும் விட்டேன். திங்கட்கிழமை தாளை விரித்தால் செடி இருக்கிறது, கிழங்கு இல்லை. அடியில் கத்தி பட்ட தடம். துரை உதட்டைப் பிதுக்கிவிட்டு நீர் சொன்ன பெயரையே எழுதினார். அறைச் சாவி இருந்தது நம் இருவரிடம் மட்டும்.

“சத்தியமா நான் தொடலை, ஓய்” என்றீர். நான் உம் நகக்கண்ணில் சேறு இருக்கிறதா என்று பார்த்தேன். நீர் சிரித்தால் ஏன் சிரிக்கிறீர் என்று தோன்றும். பேசாமலிருந்தால் குற்றமுள்ள நெஞ்சு என்று தோன்றும். அந்த வருஷம் உத்தியோக உயர்வு உமக்கு வந்தது. கேட்கவா வேண்டும்! வேறு ஓடத்தில் வீடு திரும்ப ஆரம்பித்தேன். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் நீர் போய்விட்டீர். சேதி வந்தபோது எனக்கு முதலில் தோன்றியது, ‘இனி யார் ஒப்புக்கொள்ளப்போகிறார்கள்?’ என்பதுதான்.

போன வாரம் என் மேஜையை மாற்றினார்கள். இழுப்பறைக்குப் பின்னால் ஒரு காகிதப் பொட்டலம் சிக்கியிருந்தது. கனத்த கிழங்கைத் தாளோடு அழுத்தினால் பூசணம் பிடிக்குமென்று அறுத்துத் தனியே உலர்த்துவோமே, அந்த மாதிரிப் பொட்டலம். மேலே சனிக்கிழமைத் தேதி, என் கையெழுத்து. ஓடத்தைப் பிடிக்கும் அவசரத்தில் நானே அறுத்து வைத்துவிட்டு மறந்திருக்கிறேன்.

பொட்டலத்தைக் காட்டியதும் துரை பெயரைத் திருத்திவிட்டார். நான் சொன்னதுதான் சரியாம். எல்லோரும் கை குலுக்கினார்கள். எனக்குக் கூசியது. நீர் சத்தியம் செய்தபோது உம் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஓய், நினைவில் இல்லை. நான் உம் நகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.