செவலையின் வைக்கோல் கன்று

உத்தனப்பள்ளி
5-12-1957

சிரஞ்சீவி நாராயணப்பனுக்கு உன்னைப் பெற்ற சென்னம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, பம்பாயில் உன் உடம்பும் அப்படியே இருக்க பேட்டராய சுவாமியை வேண்டிக்கொண்டுதான் பேனாவைக் கையில் எடுத்தேன், கோபம் எத்தனை இருந்தாலும் அதை விட முடியுமா. சிங்காரப்பேட்டையில் உன் கூடப்பிறந்தவள் மங்கம்மாவும் குழந்தையும் சுகம், உன் மருமகன் முகம் பார்த்துச் சிரிக்கிறானாம், உன் மச்சான் எழுதியிருந்தார். கேழ்வரகு அறுத்துப் போர் போட்டாகிவிட்டது, அவரை பூத்திருக்கிறது, பனிதான் இந்த வருஷம் கொஞ்சம் அதிகம். வழக்கமாக வாத்தியாரிடம் சொல்லி எழுதிவாங்குவேன், இந்தத் தடவை அஞ்சாவது வரைக்கும் படித்த என் கையாலேயே எழுதுகிறேன், எழுத்துப் பிழைகளை நீயே திருத்திப் படித்துக்கொள். வாத்தியாருக்குத் தெரிந்தால் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிடும், ஊருக்கு முன்னால் உனக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராயக்கோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு பெரியவர் நம் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தார். ராஜப்பன் என்று பெயராம், நீ சேர்ந்திருக்கிறாயே அந்த ஜீவகாருண்ய சங்கம், அதற்குப் பெங்களூரில் அவர்தான் காரியதரிசியாம். காலில் கான்வாஸ் ஜோடு, தோளில் துணிப்பை, பேச்செல்லாம் கன்னடம். மோர் கொண்டுவந்து கொடுத்தேன், பால் சம்பந்தப்பட்டது எதுவும் தொடுவதில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார். சரி என்று கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றாமல் உப்பும் வெங்காயமும் போட்டுக் கொடுத்தேன், மனிதர் இரண்டு சொம்பு குடித்தார். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தோட்டத்து வெங்கடப்பன் அந்த நேரம் மண்வெட்டி இரவல் கேட்டு வந்தவன், ஆள் புதிதாக இருக்கவும் அவனும் உட்கார்ந்துவிட்டான். பெரியவர் பையிலிருந்து உங்கள் சங்கத்துப் பத்திரிகையை எடுத்தார், உங்கள் மகன் பெயர் அச்சில் வந்திருக்கிறது தாயே, நீங்கள் கேட்டுச் சந்தோஷப்படவேண்டும் என்றார். இந்தியில் இருந்ததை அவர் கன்னடத்தில் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

என்ன எழுதியிருந்தாய் என்று உனக்கே நான் சொல்லவேண்டுமா, இருந்தாலும் சொல்கிறேன். ஓசூர்ப் பக்கத்து விவசாயி மகன் நாராயணப்பன் லீவில் ஊருக்குப் போனானாம், கன்று கயிற்றில் கட்டுண்டு கதற அதன் பாலை மனிதர்கள் சொம்பில் திருடுவதைப் பார்த்து நெஞ்சு பொறுக்கவில்லையாம், தாய் வீட்டில் இல்லாத சமயம் பார்த்துத் தன் கையாலேயே கயிற்றை அறுத்துக் கன்றை விட்டானாம், ஒன்பது நாள் நான்கு காம்பும் கன்றுக்கே, அந்த வீட்டில் ஒருவரும் ஒரு சொட்டுப் பால் தொடவில்லையாம். இன்று அந்தக் கன்று முற்றத்தில் துள்ளி விளையாடுகிறதாம். ஊரிலிருந்து திரும்பிய தாய் கண்ணீரோடு மகனைக் கட்டிக்கொண்டு இனி நானும் பாலைத் தொடேன் என்று சத்தியம் செய்தாளாம். நாராயணப்பா, நான் திரும்பி வந்தபோது நீ ஊரிலேயே இல்லையே, முதல் நாளே பஸ் ஏறிப் போய்விட்டாயே, எந்தத் தாயடா உன்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்?

நான் மங்கம்மா பிரசவத்துக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து வந்தேன். வீட்டில் நீ எழுதி வைத்திருந்த சீட்டு இருந்தது, லீவு முடிந்துவிட்டது, கன்று கழிச்சல் கண்டு செத்துவிட்டது, கெம்பம்மாவைக் கேட்டுக்கொள்ளவும் என்று. கழிச்சல் என்றால் கன்று அவிழ்ந்து பால் முழுக்கக் குடித்திருக்கிறது என்று அர்த்தம், தொழுவம் பார்க்கிற கெம்பம்மாவைக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் தெரியுமா? களத்தில் பத்துப் பேர் முன்னால் வைத்துக் கேட்டேன். கட்டின கன்னு தானா அவுந்துக்குமா, உன் கண்ணக் கொண்டுபோய் எங்க வச்ச, பத்தொம்பது வருஷமா என் உப்பைத் தின்னு இதான் நீ பாக்குற லட்சணமா என்று கேட்டேன், இனி என் தொழுவத்துப் பக்கம் தலைகாட்டாதே என்று விரட்டினேன். அவள் தலையைக் குனிந்து நின்றாளே தவிர ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. நம் நாட்டுப் பசுவாக இருந்தால் கன்று முழுக்கக் குடித்தாலும் பிழைத்துக்கொள்ளும், அதற்குப் பாலே அவ்வளவுதான். நம் செவலை சிந்தி ஜாதிப் பசு, வேளைக்கு மூன்று படி கறக்கும், பிறந்து பத்து நாள் ஆகாத கன்று அத்தனையையும் குடித்தால் வயிறு தாங்குமா? அதனால்தான் இரண்டு காம்பு எங்களுக்கு, இரண்டு காம்பு அதற்கு என்று விட்டு, வயிறு நிறைந்ததும் இழுத்துக் கட்டுவது. அந்தக் கயிறு பாலுக்காக மட்டும் இல்லை, அதன் உயிருக்காகவும்தான். படிக்கப் போன பிள்ளை, உனக்கு இது தெரியாது. தெரியாமல் செய்தது தப்பே இல்லை, என் கையிலும் கன்றுகள் செத்திருக்கின்றன.

ராஜப்பன் படிக்கப் படிக்க எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. கயிற்றை அவிழ்த்தது யார் என்று அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது, உன் வாயாலேயே, உன் பெருமையாலேயே தெரிந்துகொண்டேன். அப்போதே அந்த மனிதரைத் தொழுவத்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கலாம், அங்கே பின்மூலையில் செவலையின் கன்று நின்றுகொண்டுதான் இருந்தது, வைக்கோலும் தோலுமாக. நீ பஸ் ஏறின அன்றைக்கே கெம்பம்மா தன் புருஷன் கரியப்பனைக் கூப்பிட்டுத் தோலை உரித்து உப்பும் சாம்பலும் தேய்த்து வைக்கோல் அடைத்து நாலு குச்சியில் நிறுத்தி வைத்திருந்தாள். கன்று முன்னால் நிற்காவிட்டால் செவலை பால் சுரக்காது, மடி கட்டி வீங்கிக் காய்ச்சலில் விழும் என்று அவளுக்குத் தெரியும். அப்படி என் மாட்டைக் காப்பாற்றியவளைத்தான் நான் விரட்டினேன். நாட்டு மாட்டுக் கன்று செத்தால் பாலை வற்றவிட்டேனே தவிர, நான் வாழவந்த நாளிலிருந்து இந்தத் தொழுவத்தில் வைக்கோல் கன்று நின்றதில்லை, அதை ஒரு கௌரவமாகவே நினைத்திருந்தேன். இப்போது காலையிலும் மாலையிலும் செவலை அந்தத் தோலை நக்குகிறது, நக்கி நக்கிக் கழுத்தில் மயிரே போய்விட்டது, நான் கீழே உட்கார்ந்து கறக்கிறேன். கறக்கும்போது அதன் கண்ணை நான் பார்ப்பதில்லை.

ஆனால் பெரியவருக்கு நான் காட்டவில்லை. தொழுவத்தில் ஒரு பெங்களூர்க்காரரிடம் சொல்லி முடித்துவிட்டால் என் ஆத்திரம் அடங்குமா, அது உனக்கு ரொம்பச் சின்னத் தண்டனை என்று மனதுக்குள் முடிவுசெய்து சிரித்தேன். உள்ளே போகிற சாக்கில் வைக்கோல் கன்றின்மேல் ஒரு சாக்கை இழுத்துப் போட்டேன். வெளியே வந்தால் அவர் வெங்கடப்பனின் கன்று புளியமரத்தடியில் நிற்பதைப் பார்த்துவிட்டு இதுதானே அது, இதுதானே அது என்று தடவிக்கொண்டிருக்கிறார். வெங்கடப்பன் வாயைத் திறந்தான், நான் ஒரு பார்வை பார்த்தேன், மூடிக்கொண்டான். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கறக்கும் வேளை தாண்டியதால் செவலை உள்ளேயிருந்து கத்தத் தொடங்கியது, ஏன் கத்துகிறது என்று கேட்டார், கன்றைத் தேடுகிறது என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சொன்ன நிஜம். அவர் கண் கலங்கி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் போகிற வரைக்கும் ஒரு மணி நேரம் அந்த மாடு மடி கனத்துத் துடித்தது, நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன்னைப் பழிவாங்க ஒரு வாயில்லாத ஜீவனை வாட்டினேன், அந்தப் பாவம் என்னுடையது, அதில் பாதி உன்னுடையது.

வெங்கடப்பனால் அதிக நேரம் சும்மா இருக்க முடியவில்லை. சாமி, மாடு வேணாம்னா சாணி ஏது, சாணி இல்லாம இந்தக் கல்லாங்காட்டுல கேவுரு எப்பிடிங்க வெளையும், நீங்க குடிச்ச கூழே எங்க எருது உழுததுதாங்க என்று கேட்டான். அவனுக்குக் கன்னடம் அரைகுறை, நான்தான் எடுத்துச் சொன்னேன். பெரியவர் கோபிக்கவில்லை, அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். இருந்தாலும் காளைக்குக் காயடிக்கும்போது நீங்கள் அதன் முகத்தைப் பார்த்ததுண்டா என்று திருப்பிக் கேட்டார், வெங்கடப்பன் தரையைப் பார்த்தான். நானும்தான். அது நோகும் என்று எனக்குத் தெரியாதா, சூடு போட்டால் தோல் தீயும் வாசனை எனக்குத் தெரியாதா, கிழட்டு எருதைச் சந்தையில் கைமாற்றிவிட்டு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கியதில்லை. பாவமே செய்யாதவள் என்று நான் எந்தப் பத்திரிகையிலும் எழுதிக்கொள்ளவில்லை. நாங்கள் செய்கிறோம், செய்ததைச் செய்தோம் என்கிறோம். நீ பால் குடிக்காதே, நெய் வேண்டாம், தோல் செருப்பு வேண்டாம், அதில் எனக்கு உன்னோடு சண்டையே கிடையாது. நீ செய்ததை மறைத்தாயே, மறைத்ததோடு நிற்காமல் மாலையும் வாங்கிப் போட்டுக்கொண்டாயே, அதைத்தான் நான் விடமாட்டேன்.

அவர் பஸ் ஏறியதும் செவலையைக் கறந்துவிட்டு நேரே கெம்பம்மா வீட்டுக்குப் போனேன். அவர்கள் தெருவுக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை, எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். களத்தில் பத்துப் பேர் முன்னால் திட்டினேன், அங்கே முப்பது பேர் முன்னால் தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஏண்டி சொல்லவில்லை என்று கேட்டேன். கன்னை அவுத்துவுடாதீங்க கழியும்னு நான் சொன்னேம்மா, அவுரு கேக்கல, கழிய ஆரம்பிச்சதும் கடுக்கா உரசிக் குடுத்தோம், நிக்கல, தன் துண்டாலயே தொடச்சி விட்டுக்கினு கெடந்தாருங்க, செத்ததும் என் கையப் புடிச்சிக்கினு எங்கம்மாகிட்ட சொல்லிடாதன்னு அழுதாரு, அழுவுற புள்ளயக் காட்டிக் குடுக்க எனக்கு வாய் வரலீங்க என்றாள். நீ அழுதாய் என்று கேட்டதும் ஒரு நிமிஷம் எனக்கு நெஞ்சு இளகியது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் பழியை அவள் தலையில் வைத்துவிட்டல்லவா நீ பஸ் ஏறினாய் என்று நினைத்ததும் பழையபடி இறுகிவிட்டது. மறுநாளிலிருந்து அவள் வேலைக்கு வருகிறாள், செவலையும் அவள் குரல் கேட்டால் சீக்கிரம் சுரக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை, பம்பாயில் உங்கள் சங்கத்துக்கு ஆண்டுக்கூட்டமாமே, அதில் உனக்குச் சால்வை போடப்போகிறார்களாமே. பெற்ற தாய் வந்து தன் கையால் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ராஜப்பன் கேட்டார், நாலு வார்த்தை பேசவும் வேண்டும் என்றார். நான் ஒத்துக்கொண்டேன். அவரும் அவர் சம்சாரமும் பெங்களூரிலிருந்து கூட்டிப்போகிறார்கள், டிக்கெட்டுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. உனக்கு ஒரு வழி விடுகிறேன், அதுவும் நீ அந்தத் துண்டால் துடைத்ததற்காக. ஜனவரி மாதப் பத்திரிகையில் நீயே எழுது, கன்று செத்தது, காரணம் நான், பழி சுமந்தது கெம்பம்மா என்று, முன்பு எழுதிய அதே அளவில், அதே பக்கத்தில். கெம்பம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அவர்கள் தெருவில் நின்று நானே வாசித்துக் காட்டுகிறேன். இரண்டும் நடந்தால் நான் வருவேன், உன் பக்கத்தில் உட்காருவேன், சால்வை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் உன்னை அங்கேயே எல்லோர் முன்னாலும் கட்டிக்கொள்வேன். நடக்காவிட்டால் அந்த நாலு வார்த்தையை நான் பேசுவேன். அம்மா அப்படிச் செய்யமாட்டாள் என்று நினைத்து உட்கார்ந்திருக்காதே, களத்தில் நான் கெம்பம்மாவிடம் பேசியதை விசாரித்துப் பார்.

பாலை விட்டவன் எள்ளுருண்டையும் கேழ்வரகுக் களியும் விடாமல் சாப்பிடு, எலும்புக்கு அதுதான். இரண்டு படி மாவு தனியாக அனுப்புகிறேன். கடல் காற்றில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு போ, உனக்குச் சளி சீக்கிரம் பிடிக்கும். நூறு வயதுக்குக் குறைவில்லாமல் இரு, நிமிர்ந்து நடக்கிறவனாக இரு.

கடைசியாக ஒன்றை நினைவில் வைத்துக்கொள். எனக்கு இந்தி தெரியாதே, மேடையில் என்ன செய்வது என்று ராஜப்பனைக் கேட்டேன். கவலைப்படாதீர்கள் தாயே, நீங்கள் தமிழில் பேசுங்கள், பக்கத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் இந்தியில் எடுத்துச் சொல்லப்போவது உங்கள் மகன்தான் என்றார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சென்னம்மாள்