மழுங்கிய கத்திக்கு ஒட்டிய எழுத்து

அண்ணை,

இன்று காலை வெங்காயம் வெட்ட உங்கள் கத்தியை எடுத்தேன். உங்கள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள் அண்ணி தந்தது. பிடியில் ஒட்டிய டேப் ஓரம் கிளம்பிவிட்டது. அதில் எழுதிய 鈍 மட்டும் அழியவில்லை.

சென்ட் லோரன்ட் பகுதியில் நாம் மரக்கறி வெட்டிய தொழிற்சாலையில், மழுங்கிய கத்திகளைத் தீட்டக் கொடுக்குமுன் கூட வேலைசெய்த சீனர் லின் தன் மொழியில் இந்த எழுத்தை எழுதி ஒட்டிவைப்பார். மற்றவர்களுக்கு அது வெறும் அடையாளம். நீங்கள் லேசில் விடுகிற ஆளா? சோற்றுப்பெட்டியைத் திறக்காமல் அவரைக் குடைந்தெடுத்தீர்கள். இடப்பக்கம் உலோகம், வலப்பக்கம் மண்ணை முட்டி வெளிவரத் திணறும் முளை என்றார். மழுங்கிய கத்திக்கும் மழுங்கிய புத்திக்கும் அதே எழுத்துத்தானாம்.

அந்த வாரம் புது வெட்டு இயந்திரம் வந்தது. பிரெஞ்சில் காட்டித்தந்ததை நீங்கள் என்னிடம் மூன்றாம் முறையும் கேட்டபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"உங்களுக்கு மண்டையில ஏறாது அண்ணை. சரியான மொக்கு."

எல்லோர் முன்னாலும் சொன்னேன். மேற்பார்வையாளரும் தமிழர், அவர் காதிலும் விழுந்தது. அடுத்த திங்கள் உங்களைப் பெட்டி கழுவும் பகுதிக்கு மாற்றினார். குளிர்நீரில் உங்கள் விரல்கள் வெடித்ததைப் பார்த்தும் பார்க்காதவன்போல் இருந்தேன்.

ஒருநாள் பஸ் தரிப்பில் சொன்னீர்கள்: "லின் இன்னொண்டும் சொன்னவர் தம்பி. அந்தக் காலத்துப் படிச்ச ஆக்கள் அரசனுக்கு எழுதேக்க, 'நான் மழுங்கின ஆள்' எண்டு இந்த எழுத்தாலதான் தங்களைச் சொல்லுவினமாம். பணிவுக்கு."

என்னைக் குத்துகிறீர்கள் என்று நினைத்து இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. நீங்களோ வேலையை விட்டுப்போன அன்று லின்னிடம் ஒரு டேப் எழுதி வாங்கி, வீட்டுக் கத்தியில் ஒட்டி, "இது நான்தான்" என்று சிரித்தீர்கள்.

அண்ணி அந்தக் கத்தியை என் கையில் தரவில்லை. மேசையில் வைத்து எடுக்கச் சொன்னார்.

"கையில குடுத்தா சண்டை வரும் தம்பி. அவரும் ஒருத்தருக்கும் கையில குடுக்க மாட்டார்."

உண்மைதான். நான் மொக்கு என்று சொன்ன மறுநாள் காலையும், எனக்கு வேண்டிய கத்தியை மேசையில்தான் வைத்தீர்கள். நமக்குள் சண்டை வரக்கூடாது என்று பார்த்தவர் நீங்கள். எனக்கு அது அப்போது தெரியவில்லை.

கத்தியைத் தீட்டிவிட்டேன், டேப்பைக் கழற்றவில்லை. உங்களிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்காமல் விட்டேனே என்பது நெஞ்சை அறுக்கிறது. அந்த எழுத்தை எழுதப் பழகியிருக்கிறேன், கை இன்னும் கோணுகிறது. அதை உங்களுக்கு ஒட்டியது பிழை அண்ணை. என் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இப்போது வைக்கிறேன்.

鈍