பிடுங்கிய பல்லைக் காட்சிக்கு வைத்தது குறித்து

அனுப்புநர்:
கிருஷ்ணம்மா த/பெ ஐயாசாமி,
துப்புரவுப் பணியாளர்,
பழைய மருத்துவக் கருவிகள் காட்சிக்கூடம்,
மூவார், ஜொகூர்.

பெறுநர்:
தொழிலாளர் இலாகா அதிகாரி அவர்கள்,
மூவார்.

பொருள்: வேடிக்கை என்ற பெயரில் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய மேலாளர் ரூபேந்திரன் மீது புகார், அடுத்து என்னோடு வேலை செய்யும் தேன்மொழியைக் காப்பாற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவள். வாய் வீங்கியிருப்பதால் எழுதுகிறேன். இல்லையென்றால் நேரில் வந்து பேசியே ஐயாவைக் களைக்க வைத்திருப்பேன்.

2. எங்கள் கூடத்தில் சனிக்கிழமைதோறும் சுற்றுப்பயணிகளுக்கு ஒரு கூத்து நடக்கும். மேலாளர் வெள்ளைக் கோட்டு மாட்டி அந்தக் காலத்து டாக்டர் ஆவார். நான் நோயாளி. என் கைகளை நாற்காலியோடு தோல்வாரால் கட்டி, பல் பிடுங்கும் குறட்டை வாய்ப்பக்கம் ஆட்டுவார். "அலமாக், பெத்துல் வலிக்குது லா!" என்று கத்துவேன். பெத்துல், அதாவது நிஜமாகவே, வலிக்கிறது என்று நான் பொய்யாகக் கத்துவதுதான் வேடிக்கை.

3. போன சனிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. "டாக்டரு குறடு புடிக்கிற லட்சணத்தப் பாருங்க, ஆத்துல நண்டு புடிக்கத்தான் லாயக்கு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முழங்காலை என் நெஞ்சில் ஊன்றி, குறட்டை உள்ளே நுழைத்து, கடைவாய்ப் பல்லைக் கவ்வித் திருகினார். தாடைக்குள் மரக்கிளை முறிகிற சத்தம். ரத்தம் தொண்டையில் இறங்கியது. "பெத்துல்! பெத்துல்!" என்று கதறினேன். கை தட்டினார்கள் ஐயா. இன்றைக்கு ரொம்ப நன்றாக நடிக்கிறாள் என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

4. டிக்கெட் கொடுக்கும் தேன்மொழி மட்டும் ஓடி வந்து அவர் கையைப் பிடித்தாள். அவளைச் சுவரோடு சேர்த்து அறைந்தார். கூட்டம் போனதும் எலும்பறுக்கும் ரம்பத்தை எடுத்து அவள் மணிக்கட்டில் வைத்து, "வெளிய சொன்னே, அடுத்த நோயாளி நீதான்" என்றார். நான் போலீசுக்குப் போனேன். கூட்டம் சிரித்துக் கை தட்டும் வீடியோவை மேலாளர் காட்ட, விசாரிக்க வந்த போலீஸ்காரரும் சிரித்துவிட்டார். வரும் சனிக்கிழமை நாற்காலியில் தேன்மொழி உட்கார வேண்டும் என்று மேலாளர் உத்தரவு போட்டுவிட்டார்.

5. என் பல் இப்போது கண்ணாடிப் பெட்டியில், குறட்டுக்குப் பக்கத்தில். 'தோட்டத் தொழிலாளியின் பல், 1920' என்று சீட்டு ஒட்டியிருக்கிறார். எனக்கு ஐம்பத்திரண்டு வயதுதான் ஐயா. அந்தப் பல்லின் ஓட்டையைப் போன தீபாவளிக்குத்தான் கிளினிக்கில் வெள்ளைப் பசை வைத்து அடைத்தார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரியும்.

ஆகவே, சனிக்கிழமைக்கு முன்பே ஐயா நேரில் வந்து கூத்தை நிறுத்தி, பல்லைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு, தேன்மொழியை அந்த வாரில் கட்டாமல் தடுக்க வேண்டுகிறேன். இதைப் படிக்கையில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சிரியுங்கள்.

பெத்துல், ஐயா.

இடம்: மூவார்
நாள்: 18.6.2025

வீங்கிய வாயோடு காத்திருக்கும்,
கிருஷ்ணம்மா