குடங்களின் வரிசை

13 மே 2003, செவ்வாய்.

காலையில் தண்ணீர் லாரிக்காக எல்லாரும் வரிசையாக வைத்திருந்த குடங்களை என் மகள் தேவி நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கிவிட்டாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் பச்சை ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம். விடிவதற்கு முன்பே குடம் வைத்து இடம் பிடித்தவர்களுக்கு யார் முதல், யார் கடைசி என்றே தெரியவில்லை. பெரிய சண்டை.

மாடி வீட்டு லட்சுமி அக்கா கத்தினாள். "பத்து வயசு பொண்ணு பண்ற வேலையா இது? வூட்ல போட்டு பூட்டிட்டு வா!"

"அவளுக்கு ஆட்டிசம்க்கா, டாக்டரு சொல்லிக்கீறாரு. பூட்டிலாம் வைக்க மாட்டேன்" என்றேன்.

எங்களைக் கடைசியில் நிறுத்தினார்கள். ஒரு குடம்தான் கிடைத்தது. வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிற இடத்தில் பிறந்திருந்தால், அவள் குடத்தை எப்படி அடுக்கினாலும் யார் கேட்கப் போகிறார்கள்?

காலண்டரில் கிழிக்கிற தாள்களைத் தேவி தேதி வரிசையில் சேர்த்து வைத்திருக்கிறாள். அதில் மார்ச் மாதத் தாள்களை, ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை, எடுத்துக்கொண்டேன். அவள் முறைத்தாள். நாளைச் சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் திருப்பி வாங்கித் தந்துவிட வேண்டும்.

நாளை நாலு மணிக்கே அவளோடு போய் நிற்பேன். குடம் வைக்கிற ஒவ்வொருவர் கையிலும் வரிசைப்படி ஒரு தேதித் தாள், அதுதான் அவர்கள் நம்பர். அதற்கப்புறம் சிவப்பைச் சிவப்போடு வைத்தால் யாருக்கு என்ன?