பேரீச்சங்கொட்டை டப்பா

மைனி,

இன்று காலை எழுந்ததும் முதல் காரியமாக உங்கள் தகர டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். பால்கூட அடுப்பில் வைக்கவில்லை. அலமாரியின் மேல்தட்டில், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குப் பின்னால் நானே ஒளித்து வைத்ததுதான். ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். உள்ளே பேரீச்சங்கொட்டைகள் சலசலத்தன. மூடியைத் திறந்ததும் காய்ந்த பழத்தின் இனிப்பும், உங்கள் கையில் எப்போதும் இருந்த தைல வாசனையும், அதற்கும் அடியில் குதிரையின் வாசனையும் வந்தன. உடனே மூடிவிட்டேன். அடிக்கடி திறந்தால் தீர்ந்துவிடும் என்று ஒரு பயம்.

சத்தம் கேட்டு உங்கள் தம்பி உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தார். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்தும் உங்களிடம் பேசும்போது அவரை என் கணவர் என்று சொல்ல வரவில்லை, உங்கள் தம்பிதான்.

"அதத்தான் சொன்னேன். சனிக்கிழமை மறக்காம எடுத்துக்கோ என்ன? காது நிமிந்து கழுத்த நீட்டி நின்னாத்தான் அந்த ஆளுக்குப் பிடிக்கும்."

சனிக்கிழமை நாசிக் பக்கமிருந்து ஒருவர் நம் குதிரை தங்கக்கனியைப் பார்க்க வருகிறார். பிடித்திருந்தால் வயிற்றுக் குட்டியோடு அன்றைக்கே லாரியில் ஏற்றிக்கொள்வாராம். உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் முதன்முதலில் அந்தத் தபேலாவுக்குள், குதிரைக் கொட்டகைக்குள், வந்த நாள் நினைவிருக்கிறதா? அப்போது நம் குதிரைகள் பம்பாயில் தேவ்நார் பக்கம் இருந்தன. சுற்றிலும் எருமைத் தொழுவங்கள், நடுவில் நம் கொட்டகை. சுனாபட்டியில் பிறந்து வளர்ந்து, காலேஜுக்கும் ஆபீசுக்கும் தவிர எங்கும் போகாத புதுப்பெண் நான். பட்டுச்சேலையோடு வாசலில் நின்றேன். தங்கக்கனியின் தாய், அந்தச் சாம்பல் நிறத்தவள், என்னைப் பார்த்ததும் மூக்கை விடைத்து ஒரு செருமல் செருமினாள். நான் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியில் இடித்துக்கொண்டேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"ஏட்டி, அவளும் உன்னப் பாத்துப் பயந்துதான் நிக்கா. ரெண்டு பேரும் ஒருத்திய ஒருத்தி பயந்துகிட்டே இருங்க, நான் போய் டீ போடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

அப்படியே ஆயிற்று. இத்தனை வருடங்களில் ஒரு தடவைகூட நான் ஒரு குதிரையின் கயிற்றைப் பிடித்ததில்லை. நீங்களும் பிடிக்கச் சொன்னதில்லை. என் வேலை டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து நீங்கள் வேலை செய்வதைப் பார்ப்பது. உங்கள் வேலை, முதுகைக் காட்டியபடியே என் ஆபீஸ் கதைகளைக் கேட்பது. என் மேனேஜரைப் பற்றி நான் புலம்பிய ஒரு நாள், குளம்பைத் தூக்கி மடியில் வைத்துச் சுரண்டிக்கொண்டே சொன்னீர்கள்: "அவனுக்கு யாராவது கொள்ளு வச்சாங்களான்னு கேளு. பசிச்சாத்தான் இப்படி உதைக்கும்."

உங்கள் குடும்பத்துக்குள் அரபுக் குதிரை வந்த கதையை வாளியில் உட்கார்ந்துதான் கேட்டேன். உங்கள் பூட்டனார் திருநெல்வேலியிலிருந்து பம்பாய்க்கு வந்து, கப்பலில் குதிரை கொண்டுவந்து விற்ற ஓர் அரபு வியாபாரியின் லாயத்தில் வேலை பார்த்தார். அந்த வியாபாரி கடைசியாக ஊர் திரும்பியபோது ஒரு பெட்டை நிறைசினையாக இருந்தது. சினைக் குதிரையைக் கப்பலில் ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை. நீயே வைத்துக்கொள் என்று பூட்டனார் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போனார். தினம் ஒரு பேரீச்சம்பழம் கொடு என்பது மட்டும்தான் அவர் சொல்லிப்போன வார்த்தை. அந்தப் பெட்டையின் மகள், மகளின் மகள் என்று வந்த வரிசை தங்கக்கனி வரை. பூட்டனார், தாத்தா, உங்கள் அப்பாவான மாமா, பிறகு நீங்களும் உங்கள் தம்பியும். எங்கே வாடகை வீடு மாறினாலும் குதிரையும் கூடவே மாறியது. மற்றவர்கள் பந்தயத்துக்குக் குதிரை வளர்த்தார்கள். இந்த வீட்டில் மட்டும் அழகுக்கு வளர்த்து, கண்காட்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தி, ஒரு ரிப்பனோடு திரும்பிவந்து மீன்குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள்.

பெயர் வைக்கிற வழக்கத்தைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பெட்டைக்குட்டி பிறந்தால், இந்த வீட்டில் கடைசியாக இறந்த பெண்ணின் பெயர். ஞானப்பூ, அன்னத்தாய், பாக்கியம். என் மாமியார் போய் அடுத்த வருடம் பிறந்தவளுக்குத் தங்கக்கனி. ஒரு நாள் அவள் உங்கள் தம்பியின் தோளைக் கடித்துவிட்டாள். "உயிரோட இருக்கும்போது ஒரு அடி அடிச்சிருப்பாளா எங்கம்மை? இப்பக் கடிக்கா!" என்று அவர் தோளைத் தேய்க்க, "அப்ப நீ கடிக்கற மாதிரி ஒண்ணும் செய்யல, இப்பச் செய்யுத" என்றீர்கள்.

கண்காட்சியில் அவள் முதல் பரிசு வாங்கிய நாளை நான் மறக்கவே முடியாது. வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட்டில் உங்கள் தம்பி கயிற்றைப் பிடித்து ஓடினார். தங்கக்கனி வாலைக் கொடி மாதிரித் தூக்கிக்கொண்டு கூடவே மிதந்தாள். பிறகு நடுவர்கள் முன்னால் வந்து நின்றாள். கழுத்து நீண்டு, காது இரண்டும் முன்னால் குவிந்து, கண் விரிந்து. தரையில் நிற்பவள் மாதிரியே இல்லை. எல்லோரும் உங்கள் தம்பியின் கைத்திறமை என்றார்கள். அவள் பார்த்தது அவரை அல்ல. அவர் தோளுக்கு மேலே, கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே, டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாயில் சேலைத்தும்பை வைத்து நின்ற உங்களை. உள்ளே போகுமுன் ஒரே ஒரு முறை குலுக்கிக் காட்டியிருந்தீர்கள். அது போதும் அவளுக்கு.

பிறந்த ஈரத்தைத் துடைத்தது நீங்கள். நடக்கப் பழக்கியது நீங்கள். மைக்கில் வந்தது குதிரையின் பெயரும் உங்கள் தம்பியின் பெயரும். "பெண்பிள்ளை நாலு பேர் முன்னால் குதிரையோடு ஓட வேண்டாம்" என்று மாமா ஒரு காலத்தில் சொன்னது, அவர் போன பிறகும் அப்படியே நின்றுவிட்டது. உங்கள் தம்பி ஒரு முறை கயிற்றை நீட்டி, "நீயே பிடிச்சுக்கோக்கா" என்றபோது, "இப்ப எதுக்குல? முட்டி எங்க மடங்குது?" என்று தள்ளிவிட்டீர்கள்.

அன்றைக்கு அறிவிப்பாளர் உங்கள் அம்மாவின் பெயரை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக் கடைசியில் "டாங்கா கானி" என்று முடித்தார். "எங்கம்மைய டாங்கா குதிரவண்டியாக்கிட்டானே பாவி!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். உங்கள் தம்பி சீண்டினார்: "சிரிக்காதக்கா. நீ போனா அடுத்த குட்டிக்கு உம் பேருதான்."

"வைக்கட்டுமே. அப்பவாது மைக்ல ஒருவாட்டி எம் பேரு வரும்லா" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். நான் மட்டும் உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

டப்பா விஷயத்தில் உங்களுக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. என் மகள் சின்னவளாக இருந்தபோது விளையாட்டாக அதைக் குலுக்கினாள். தங்கக்கனி மேய்ச்சலை விட்டுவிட்டு ஓடிவந்து அவள் முன்னால் நின்றாள். நீங்கள் குழந்தையைத் திட்டவில்லை. முந்தியிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து அவள் கையில் வைத்து, "இத ஆட்டினா கொடுக்கணும் மக்கா. சும்மா ஆட்டினா பொய் சொன்ன மாதிரி. இவளுக்குப் பொய் தெரியாது" என்றீர்கள். குழந்தைக்குத் தமிழ் பாதிதான் புரியும். ஹிந்தியில் இன்னொரு தடவை சொன்னீர்கள், உங்கள் உடைந்த ஹிந்தியில்.

தேவ்நாரில் கட்டடம் வந்து, நாம் நெருளுக்கு அப்பால் அந்த வாடகை மனைக்குப் போன பிறகு, போன வருடக் கோடையில் தங்கக்கனியோடு இணைசேர்க்க ஒரு பொலிகுதிரையைத் தேடிப் போனீர்கள். காலைப் பார்த்து, கண்ணைப் பார்த்து, ஒரு பகல் முழுதும் அதன் எதிரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, "நல்ல குணம்" என்றீர்கள். அதுதான் நீங்கள் கடைசியாக முடிவு செய்த காரியம். மழை தொடங்கியபோது ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள்.

அங்கே நீங்கள் உங்கள் தம்பியிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "ஏல, குளிக்காம வா." கொட்டகையிலிருந்து நேராக வந்து அவர் கட்டிலோரம் உட்காருவார். அவர் சட்டைக் கையைப் பிடித்து மூக்கோடு வைத்துக்கொள்வீர்கள். பக்கத்துக் கட்டில் அம்மா நர்ஸிடம், "யே ஆத்மி கோ பாஹர் பிட்டாவோ, பாஸ் ஆத்தா ஹை" என்று, நாற்றம் தாங்கவில்லை, வெளியே உட்கார வை என்று முறையிட்டாள். "வாசனைன்னு சொல்லச் சொல்லுட்டி" என்று என்னிடம் முணுமுணுத்தீர்கள். கடைசி வாரம் பேச்சே குறைந்துபோயிற்று. "அவ தின்னாளா?" என்பது மட்டும் மிச்சமிருந்தது. தின்றாள் என்றேன். உண்மையிலேயே தின்றிருந்தாள். நீங்கள் போனதற்கு அடுத்த நாளிலிருந்துதான் அவள் தீவனத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கேட்டைப் பார்க்கத் தொடங்கினாள்.

குளிர்காலத்தில் நடந்ததை உங்களிடம் இன்னும் சொல்லவில்லை. வயிறு வெளியே தெரியாத நேரம். உங்கள் தம்பி அவளைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். அக்காவுக்காக ஒரு தடவை என்றார். அதே வெள்ளைச் சட்டை. தங்கக்கனி ஓடினாள், ஆனால் வாலைத் தூக்கவில்லை. நடுவர்கள் முன்னால் தலையைத் தொங்கப்போட்டு, வாடகைக்கு வந்தவள் மாதிரி நின்றாள். உங்கள் தம்பி என்னைப் பார்த்தார். நீங்கள் நிற்கிற இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். டப்பா என் கைப்பையில் இருந்தது. எடுத்துக் குலுக்கினேன்.

மைனி, அவள் தலை நிமிர்ந்த வேகம்! காது குவிந்தது, கழுத்து நீண்டது. கூட்டத்தில் யாரோ 'வாஹ்' என்றார்கள். ஒரு கணம்தான். பிறகு அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். கத்தினாள். அப்படி ஒரு கத்தலை நான் கேட்டதில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டு உங்கள் தம்பியையும் சேர்த்து என்னிடம் வந்தாள். நான் பழத்தை நீட்டினேன். மோந்துகூடப் பார்க்கவில்லை. என் பின்னால் இருந்த ஒவ்வொரு சேலையாகத் தேடினாள். நான் பயப்படவில்லை. முதல் தடவையாக அவள் மூக்கு என் தோளில் பட்டது, நான் பயப்படவே இல்லை. திரும்பும் வழியெல்லாம் லாரியில் உங்கள் தம்பி அழுதார். நான் டப்பாவைக் கொண்டுவந்து அலமாரி உச்சியில் வைத்தேன்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மனைக்காரர் மழைக்குள் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். நம் மகள் பெங்களூரில் இருக்கிறாள், "அப்பாவை ரெஸ்ட் எடுக்கச் சொல்லும்மா" என்கிறாள். நேற்று இரவு சாப்பிடும்போது அவரே சொன்னார்: "அவ கேட்டப் பாத்துட்டு நிக்கத என்னால பாக்க முடியலட்டி. வேற இடத்துக்குப் போனா மறந்துருவா. நான் மறக்கண்டாமா?" தட்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். சரி என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஆனால் காலையில் டப்பாவைக் குலுக்கியபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. சனிக்கிழமை இதை நான் குலுக்கினால் அவள் நிமிர்ந்து நிற்பாள். வந்தவர் மயங்கிப்போவார். அவள் உங்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே லாரியில் ஏற்றிவிடுவார்கள், நிறைசினையோடு. முகம் தெரியாத ஓர் அரபு வியாபாரிக்கு வராத மனம் நமக்கு வந்துவிடும்.

ஆபீஸ் போகும் வழியில் செம்பூர் ஸ்டேஷனில் இரண்டு ரயிலை விட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். டப்பா இப்போது மறுபடி நட்சத்திரத்துக்குப் பின்னால் இருக்கிறது. சனிக்கிழமையும் அங்கேயேதான் இருக்கும். நான் வெறுங்கையோடு போவேன். வந்தவருக்கு டீ போட்டுக் கொடுப்பேன். பிறகு உங்கள் தம்பி கையிலிருந்து கயிற்றை நான் வாங்கிக்கொண்டு, இவள் இங்கேதான் ஈனுவாள் என்று சொல்லிவிடுவேன். இடம் நான் தேடுகிறேன். தீவனத்துக்கு என் சம்பளம் இருக்கிறது. அவள் தலையைத் தொங்கப்போட்டே நிற்கட்டும், அதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, உங்கள் தம்பியிடம்கூட.

ஆண்குட்டியாகப் பிறந்தால் இன்னொரு மழைக்குக் காத்திருப்போம். பெட்டையாகப் பிறந்தால் பெயர் தயாராக இருக்கிறது. அவளை நடக்கப் பழக்க எனக்குத் தெரியாது, அவளுக்கு நான் பயப்படுவேன், அவளும் எனக்குப் பயப்படட்டும். பெரியவளானதும் கயிற்றை நானே பிடித்துக்கொண்டு அந்த வட்டத்துக்குள் போவேன். அறிவிப்பாளர் உங்கள் பெயரை மூன்று விதமாகச் சொல்லிப் பார்ப்பார், எதுவும் சரியாக வராது. பரவாயில்லை மைனி. மூன்று தடவை மைக்கில் வரும்.